எட்டுக்கட்டைச் செவ்வாய்க்கிழமைகள்

செவ்வாய்க்கிழமை காலை பகல் பராமரிப்பு நிலையத்து வேன் வந்து என் கணவரைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டுநர் அந்த வேனின் பின்கதவைச் சாத்துகிற சத்தம் இருக்கிறதே, அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் எங்கள் தொயோஹாஷி ஊரில் கேட்டதில்லை. பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்ததிலிருந்து எனக்கு இரவு என்று தனியாக ஒன்று கிடையாது. கூப்பிட்டால் எழ வேண்டும். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று பார்க்க எழ வேண்டும். மற்ற நாள்களிலும் போங்களேன் என்றால் மாட்டேன் என்கிறார். செவ்வாயன்று மட்டும்தான் அங்கே அவரோடு ஷோகிச் சதுரங்கம் ஆட ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருகிறாராம். ஆக, எனக்கென்று இருப்பது அந்த ஒரு பகல். அதில் நான் செய்ய ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தூங்குவது.

அந்தப் பகலைத்தான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வாடகைக்கு எடுத்துப் பாடுகிற கரோக்கே அறையில் உட்கார்ந்து கத்தித் தொலைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சாதாரணப் பாட்டா? எல்லாம் எட்டுக்கட்டை. எங்கள் நாட்டில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு, பாடுவது ஆணானாலும் பெண்ணானாலும், உச்சாணிக்கு ஏற்றினால்தான் மனம் ஆறும். அதுவும் போதாது. மூச்சு முட்டிக் கடைசிப் பல்லவிக்கு வந்து, அப்பாடா முடிந்தது என்று நினைக்கும்போது சுருதியை இன்னொரு படி தூக்கி வைப்பார்கள். ஏணியின் கடைசிப் படியில் நிற்கிறவளிடம் இன்னும் ஒன்று இருக்கிறது, ஏறு என்பது போல.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

என் மகள் சிஹருவுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் கட்டிக்கொள்ளப் போகிற தகுமா அவளைவிட ஆறு வயது இளையவன். பையன் வீட்டார் இதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம் என்று எனக்குள் ஒரு பயம். பெண்ணின் அப்பா சக்கர நாற்காலியில் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வசந்தத்தில் இரண்டு வீட்டாரும் முதன்முதலாக ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம். கடல்மீனை முழுசாகச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாரும் அந்த மீனைப் பாராட்டி முடித்த பிறகு பேச ஒன்றுமில்லை. அந்த மௌனத்தை அடைக்க என் மகள் வாயைத் திறந்தாள்.

"எங்க அம்மா நல்லாப் பாடுவாங்க. ஆம்பளைங்க பாடற பாட்டையே அந்த ஒசரத்துலயே பாடுவாங்க."

நான் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க."

உண்மையிலேயே ஒன்றுமில்லை. பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்த்த காலத்தில், ஆண்டுக் கடைசி விருந்து ஒன்றில், கொஞ்சம் குடித்துவிட்டு, 'உறையாத கடல்' என்ற பாட்டை முழுசாகப் பாடிவிட்டேன். பாடகன் ஆண்தான், ஆனால் பெண்களுக்கே எட்டாத குரல். அன்று எட்டியது. அவ்வளவுதான். அதை என் மகள் அவளுடைய சீர்வரிசைப் பொருள் மாதிரி எடுத்து மேசையில் வைத்தாள்.

தகுமாவின் அம்மா இகுயோ இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டார். "அப்படீங்களா சம்பந்தி? அதைக் கேக்க எங்களுக்கு எப்ப குடுத்து வச்சிருக்கோ."

"கண்டிப்பாங்க. இன்னொரு நாள் சேர்ந்து போவோம்."

"அவசியம் போவோங்க."

இன்னொரு நாள் என்றால் எங்கள் ஊரில் எந்த நாளும் இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட இது தெரியும். தகுமாவுக்குத் தெரியவில்லை. அவன் நகராட்சியில் நில அளவை பார்க்கிறவன். கோடு போட்டால் கோடுதான். அதே வாரம் எனக்குத் தொலைபேசி வந்தது. "எங்க அம்மா ரொம்ப ஆவலா இருக்காங்க. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதானே தோது? நானே அறை எடுத்துட்டேன்." மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "போயிட்டு வாம்மா, அவங்களாக் கேக்கறாங்கல்ல" என்றாள். சம்பந்தியே ஆவலாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? போனேன். முடிந்து வெளியே வரும்போது, "இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுங்க, இன்னொரு நாள் வருவோம்" என்றார் இகுயோ. "அவசியம்" என்றேன். தகுமா அடுத்த தடவைக்கும் அறை எடுத்துவிட்டான்.

மறுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மகளிடம்கூடச் சொன்னதில்லை.

நல்ல நாள் கிழமைக்கு எடுத்து உடுத்துகிற துணிக்கு என்ன சொல்கிறோமோ அதையேதான் நாங்கள் குரலுக்கும் சொல்கிறோம். வெளியே போகிற துணி, வெளியே போகிற குரல். தொலைபேசியை எடுத்தால், வாசலில் யாராவது வந்தால், கடையில், வங்கியில், பெண்கள் எல்லாருக்கும் குரல் தானாக மேலே ஏறிக்கொள்ளும். மருத்துவமனையில் நான் அந்தக் குரலில்தான் சம்பளம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றி வைப்பேன். என் மாமியாருக்கும் அப்படி ஒரு குரல் இருந்தது. தெருவே மெச்சும், வெண்கல மணி மாதிரி. கதவைச் சாத்தியதும் அதற்குப் பின்னால் இருந்த குரல் வேறு. அதை நான் ஒருத்திதான் கேட்டேன், வருடக்கணக்காகக் கேட்டேன். அண்டை வீட்டாரிடம் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு சிஹரு தகுமா வீட்டு மாடிக்குத்தான் போகிறாள். மேலே தனி அடுப்பு உண்டு. ஆனால் வாசல் ஒன்றுதான். இகுயோவின் குரல் பட்டுத் துணி மாதிரி வழுவழுவென்று இருந்தது. எப்போது பேசினாலும் அதே உயரம், அதே இழுப்பு. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்கு என் மாமியார் ஞாபகம்தான் வந்தது. இதற்குப் பின்னால் என்ன குரல் வைத்திருக்கிறாள் இந்தப் பெண்பிள்ளை? என் மகள் நாளைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கப் போவது எதை? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கமில்லை. தூக்கம்தான் ஏற்கெனவே இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிற கொஞ்சமும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே போய்ப் போய்ப் பார்த்தேன். நாலைந்து தடவை போயும் அந்த அம்மாள் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த இடத்தில் பகல் நேரத்தில் எங்களைப் போன்ற கிழடுகளும், வகுப்புக்கு மட்டம் போட்ட மாணவர்களும்தான். ஜன்னல் இல்லாத அறை. கதவில் மட்டும் ஒரு கண்ணாடித் துண்டு. நாங்கள் உள்ளே போனதும் பாட்டுத் தேடுகிற பலகையை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொள்வோம். "நீங்க முதல்ல." "அய்யோ, நீங்க." இதிலேயே ஒரு பாட்டு நேரம் போய்விடும். பிறகு நான் 'உறையாத கடல்' போடுவேன். அதைக் கேட்கத்தானே அவர் ஆசைப்பட்டு வந்திருக்கிறார்? இகுயோ பதிலுக்கு ஒரு கார்ட்டூன் பாட்டைப் போடுவார். விண்வெளியில் வாள் சுழற்றுகிற ஒரு பெண்ணின் கதை, தகுமா சின்னப் பையனாக இருந்தபோது பார்த்தது. ஆரம்பமே தலையுச்சியில். எழுதினவன் நடுவில் மூச்சு வாங்க ஓர் இடம் விட்டிருக்கிறான் பாருங்கள், ஓர் எறும்புக்குக்கூட அது போதாது. அவர் பாடும்போது கழுத்து நரம்பு புடைக்கும். நான் தம்பூரினை, அதாவது அந்தச் சலங்கை கட்டிய வட்டத் தட்டை, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பேன். பிறகு என் முறை. அவர் தட்டுவார், நான் கத்துவேன். பாட்டு முடிந்ததும் இருவரும் தொண்டை மிட்டாய் ஒன்று வாயில் போட்டுக்கொண்டு, "அருமைங்க" என்போம்.

சுருதியைக் குறைக்கப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பாட்டு இறங்கும். ஆனால் எத்தனை படி இறக்கினோம் என்று திரையில் பெரிதாக எழுத்துப் போடும். நான் இறக்கினால் அவருக்கு என்ன தோன்றும்? நம்மையும் இறக்கச் சொல்கிறாளோ, நாம் கீச்சிடுகிறோம் என்று குத்திக்காட்டுகிறாளோ என்று தோன்றாதா? ஆகவே விரல் பொத்தான்மேல் போகும், திரும்பி வரும். அவருடைய விரலும் ஓரிரு தடவை அப்படிப் போய்த் திரும்பியதைக் கவனித்தேன். வேறு எதற்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின இரவு என் கணவருக்குக் கால் இழுத்துக்கொண்டது. பிடித்துவிட்டுப் பிடித்துவிட்டு விடிந்துவிட்டது. வேன் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தேன். இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிடலாம் என்று தொலைபேசியைக்கூட எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? உடம்பு சரியில்லை என்றால் சிஹருவுக்குச் செய்தி போகும், அவள் பதறுவாள். தூக்கம் வருகிறது என்றால் சம்பந்தியை அவமானப்படுத்தியது போல ஆகும். குடையை எடுத்துக்கொண்டு டிராம் ஏறினேன்.

இகுயோ முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகப்பூச்சுக்கு அடியில் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. ஆனால் குரல் அதே பட்டு. "வாங்க சம்பந்தி, இந்த மழையிலயும் வந்தீங்களே. எனக்காகக் கஷ்டப்படறீங்க."

"கஷ்டமாங்க? இந்த நாளுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

'உறையாத கடல்' பாடினேன். இரண்டாவது சரணத்தில் கடல் உறைந்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இகுயோ இன்னும் வேகமாகத் தட்டினார். நான் முடித்ததும் அவர் தன்னுடைய கார்ட்டூன் பாட்டுக்கு எண் கொடுத்தார். முன்னிசை ஆரம்பித்தபோது என் தொலைபேசி அதிர்ந்தது. பராமரிப்பு நிலையம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடினேன்.

நடைவழியில், பானம் பிடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். அங்கே வேலை பார்க்கிற பெண், "தபால்காரத் தாத்தா இன்னிக்கு வரலைங்க. உங்க வீட்டுக்காரர் சாப்பிட மாட்டேங்கறாரு, வீட்டுக்குப் போகணுங்கறாரு" என்றாள்.

"எப்பவும் உங்களுக்குத் தொந்தரவுங்க. ரொம்ப ரொம்ப மன்னிக்கணுங்க. அவர்கிட்ட கொஞ்சம் குடுக்க முடியுங்களா?" என்றேன், மேல் குரலில்.

அவர் காதுக்குப் போனதும் குரல் தானாகப் படி இறங்கியது. "என்னங்க, என்ன ரகளை அங்க?"

"வீட்...டுக்கு" என்றார். அவருக்கு நீளமாகப் பேச வராது.

"வீட்டுல யாரு இருக்கா? நானே இல்ல. அந்தாளு வரலைன்னா ஒரு நாள் சும்மா உட்கார்ந்தா கொறஞ்சா போயிருவீங்க? ஒழுங்கா சாப்பிட்டுப் படுங்க. ராத்திரி பூரா என்னைப் படுக்க விட்டீங்களா? நானும் எங்கயாச்சும் படுக்கணுங்க, செத்துருவேன் போல இருக்கு."

"சரி" என்றார். பாவம். கோபித்துக்கொண்டது எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை.

சூடான தேநீர் இரண்டு பிடித்துக்கொண்டு அறைக்கு வந்தேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது பாட்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வரிகள் நிறம் மாறி மாறி ஓடின. பாடத்தான் ஆளில்லை. இகுயோ சோபாவில் நேராக உட்கார்ந்தபடியே, மடியில் மைக்கைப் பிடித்தபடியே, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. கொடுத்து வைத்தவள், எப்படித் தூங்குகிறாள் பார் என்று. மெல்லக் கதவைத் தள்ளி உள்ளே போய், எதிரே உட்கார்ந்தேன். அந்தப் பேய்க்கூச்சல் இசையில் அந்த முகம் அசையவே இல்லை. பாட்டு கடைசிப் பல்லவிக்கு வந்தது, ஒரு படி மேலே ஏறியது, யாரும் இல்லாமல் தானே ஏறி முடித்தது. மதிப்பெண் போடுகிற இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, குரல் எதுவும் கேட்கவில்லை, மைக்கைச் சரிபார்க்கவும் என்று எழுதியது. எழுதிவிட்டுப் பெரிதாகக் கொம்பு ஊதியது.

இகுயோ தூக்கிவாரிப் போட்டு எழுந்து நின்றார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன். தூங்கலை. அரிசி களைஞ்சாச்சு. இதோ, இதோ வந்துட்டேன்."

தொண்டையில் மணலைப் போட்டு அரைத்தது போன்ற குரல். ஆண்பிள்ளைக் குரல் என்றே சொல்லலாம். அவருடைய கால்கள் கதவை நோக்கி இரண்டடி நடந்தும்விட்டன. அதற்குப் பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது குரல் மறுபடியும் மேலே ஏறப் பார்த்தது. "அய்யய்யோ சம்பந்தி, என்ன ஒரு மரியாதை கெட்ட காரியம் செஞ்சுட்டேன், எப்படி மன்னிப்புக் கேக்கறது..."

பாதியில் பிசிறடித்தது. இருமினார்.

"விடுங்க. உட்காருங்க. இன்னும் கொஞ்சம் தூங்குங்க" என்றேன்.

நான் நினைத்துச் சொல்லவில்லை. நடைவழியில் புருஷனிடம் இறங்கிய குரல் இன்னும் ஏறாமலே இருந்திருக்கிறது. அந்தக் கட்டைக் குரலிலேயே வந்துவிட்டது. இகுயோ இருமலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது உங்க குரலா?"

"வீட்டுக் குரல்."

"மருமக சொன்னப்ப, அந்த ஒசரத்துல பாடறவங்களுக்குப் பேச்சும் குருவி மாதிரி இருக்கும்னு நெனச்சேன்."

"தவளை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார், வீட்டில் உட்காருவது போல, முழங்கால்களை அகட்டி. தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசியபோது மணல் குரல்தான் வந்தது.

"சிகுவா மீன்பண்டம் பண்ற பட்டறையில மீன் அரைக்கறேன் சம்பந்தி. கோழி எந்திரிக்கறதுக்கு முன்னாடி போயிடணும். செவ்வா மட்டும் லீவு. நேத்திக்கு ரெண்டாள் வரலை, அவங்க வேலையும் சேத்துப் பாத்தேன்."

"அப்படி இருக்கறப்ப ஏன் என்னைப் பாட்டுக்கு வரச் சொன்னீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நானா?" என்றார். "நீங்க வரச் சொன்னதாத்தான் தகுமா சொன்னான். வீட்டுக்காரரைப் பாத்துக்கிட்டு வீட்டுலயே அடைஞ்சு கெடக்கறாங்க, வாய்விட்டுப் பாட ஒரு எடம் இல்ல, உங்க கூடப் பாடணும்னு ஆசைப்படறாங்கன்னான். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. சரி, இதுகூடச் செய்யலைன்னா எப்படின்னு வந்தேன்."

"நீங்க ரொம்ப ஆவலா இருக்கறதா என்கிட்ட சொன்னான்."

"அவன் பொய் சொல்ல மாட்டான்."

"சொல்லலை. நாம சொன்னதைத்தான் சொல்லியிருக்கான். இன்னொரு நாள் போவோம்னு சொன்னது நாமதானே?"

இகுயோ கண்ணை மூடிக்கொண்டார். "அப்பனை உரிச்சு வச்சிருக்கான். மழை வந்தா வரலைன்னு சொல்லிப் பாருங்க. மழை நின்னிருச்சுன்னு சொல்லிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாங்க ரெண்டு பேரும்."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை வலித்தது. "எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காது" என்றேன்.

"எனக்கு என்னோடது. அந்தப் பொம்பள ஏன் அப்படிக் கத்தறான்னு அவன் சின்னதா இருந்தப்பவே டிவியை அமத்திருவேன்."

"சுருதியையாவது கொறைச்சிருக்கலாமே."

"நீங்க கொறைக்கலையே. நான் எப்படிக் கொறைக்கறது?"

அவருடைய விரல் எதற்காகப் பொத்தான்மேல் போய்த் திரும்பியது என்று இப்போது தெரிந்தது. இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு தொண்டை, வசந்தத்திலிருந்து மழைக்காலம் வரை. அடுத்த பாட்டுக்கு எண் கொடுக்கச் சொல்லித் திரையில் ஒரு பொம்மை குதித்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

கேட்காமல் விட்டால் இனிமேல் கேட்கவே முடியாது என்று தோன்றியது. தூக்கம் கெட்டவளுக்கு ஒரு தைரியம் உண்டு. "சம்பந்தி, நெசத்தைச் சொல்லிடறேன். நான் பாட வரலை. எம் பொண்ணு உங்க மாடிக்கு வரப் போறா. உங்க வீட்டுக் குரல் எப்படி இருக்கும்னு பாக்கத்தான் வந்தேன்."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டாச்சுல்ல."

"கேட்டேன். அரிசி களைஞ்சாச்சுன்னு யாருக்குப் பதில் சொன்னீங்க?"

"மாமியாருக்கு" என்றார். "போயிச் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. நான் பகல்ல கண்ணசந்தா போதும், வந்து நின்னுருவாங்க. திட்ட மாட்டாங்க. சும்மா நிப்பாங்க. நான் எந்திரிக்கற வரைக்கும் நிப்பாங்க. இன்னும் தூக்கத்துல பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

என் மாமியார் நிற்க மாட்டார், பேசுவார். ஆனால் அதை நான் சொல்லவில்லை. இரண்டு மாமியாரையும் ஒரே அறைக்குள் கூட்டிவந்து வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இகுயோ கோப்பையை மேசையில் வைத்தார்.

"உங்க பொண்ணு தூங்குவாளா?" என்று கேட்டார்.

சிஹரு தூக்கத்தில் கும்பகர்ணி. சம்பந்தியிடம் எந்தத் தாயும் சொல்லக் கூடாத விஷயம் அது. காலையில் முதல் ஆளாக எழுந்துவிடுவாள் என்று சொல்ல, மேல் குரல் தொண்டைக்குள் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"லீவு நாள்ல மத்தியானம் வரைக்கும் தூங்குவா. எழுப்பினா கடிப்பா."

இகுயோ தலையை ஆட்டினார்.

"தூங்கட்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் மணல் குரலில் சொன்னார். பட்டுக் குரலில் சொல்லியிருந்தால் நான் நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னும் பயந்திருப்பேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிட்டாய் புரையேறியது போல இருமி, தேநீரைக் குடித்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, தம்பூரினின் சலங்கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே நாம இங்க வர வேண்டாம்ல?" என்றார் பிறகு.

"வேண்டாம்."

சொல்லிவிட்டோம். யாரும் எழவில்லை. வீட்டுக்குப் போனால் என்ன என்று யோசித்தேன். கணவரின் படுக்கை விரிப்பு துவைக்கக் கிடக்கிறது. பக்கத்து வீட்டம்மாள் தெருச் சங்கத்துச் சுற்றறிக்கையைக் கொடுக்க வருவாள், வந்தால் போக மாட்டாள். தொலைபேசி அடிக்கும். செவ்வாய்க்கிழமை பூராவும் எனக்கு மிச்சமாகியிருந்தாலும் அந்த வீட்டில் நான் படுத்திருப்பேனா? வேனின் கதவு சாத்திய சத்தம் கேட்ட உடனே துடைப்பத்தை எடுத்திருப்பேன். இங்கே ஜன்னல் இல்லை. கதவைத் தட்ட ஆளில்லை. சுவரெல்லாம் சத்தம் போகாதபடி மெத்தை வைத்துத் தைத்திருக்கிறது.

இகுயோவும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். சோபாவின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். நில அளவைக்காரனைப் பெற்றவர் இல்லையா.

"இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நீங்க" என்றார்.

நான் விளக்கைக் குறைத்தேன். அவர் திரையின் சத்தத்தை முழுசாக இறக்கினார். பொம்மை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு குதித்தது. இரண்டு மைக்கையும் கூடையில் போட்டோம். அவர் மழைக்கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார், என் கைப்பையை நான் வைத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் ஒரு மாணவன் உச்சத்தில் பாட முயன்று, முடியாமல் கீச்சிட்டான். அவன் நண்பர்கள் சிரித்தார்கள்.

"சுருதியைக் கொறைடா" என்றார் இகுயோ, கண்ணை மூடிக்கொண்டே.

அவருக்குக் குறட்டை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாடியில் இருந்தாலும் கேட்கும். கேட்கட்டும் என்று நினைத்தேன், அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

சுவரில் இருந்த தொலைபேசி மணியடித்தபோது எனக்கு விழிப்பு வந்தது, ஆனால் உடம்பு எழவில்லை. நேரம் முடியப் போகிறது என்று சொல்ல முன்மேசையிலிருந்து கூப்பிடுவார்கள். இதுவரை அந்த மணி அடித்தால் இரண்டு பேரும் பாய்ந்து எழுந்து, நான் நீ என்று போட்டி போட்டு, கீச்சுக் குரலில், "ரொம்ப நன்றிங்க, இதோ கிளம்பிட்டோங்க" என்று குனிந்து குனிந்து சொல்வோம். வேன் வர இன்னும் நேரமிருந்தது. இகுயோ படுத்தபடியே கையை நீட்டித் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் பையன் ஏதோ சொன்னான்.

"இன்னொரு மணி நேரம் போடுப்பா" என்றார் அந்த மணல் குரலில். "நாங்க இன்னும் பாடி முடிக்கலை."